யாருக்கு வேண்டும் அந்தப் பெயர்

அந்தக் குழந்தைக்குப் பதிவான குடும்பப் பெயர் அதன் அப்பாவுடையது அல்ல. அம்மா பிறந்த வீட்டினுடையதும் அல்ல. அம்மாவின் முதல் கணவருடையது. இங்கிலாந்தில் 1996-ல் பிறந்த ஆண் குழந்தை. அம்மாவுக்கு முதல் திருமணத்தில் இரண்டு பிள்ளைகள். அந்தக் கணவரைப் பிரிந்த பிறகும் அவர் பெயரையே தன் பெயராக வைத்திருந்தார். பிறகு வேறொருவருடன் சேர்ந்து வாழ்ந்தார், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. குழந்தை பிறந்து ஒரு மாதம் போல ஆனபோது அந்த உறவும் முறிந்தது. அம்மா பதிவு அலுவலகத்துக்குப் போய், தானும் மூத்த பிள்ளைகள் இருவரும் வைத்திருந்த பெயரையே கைக்குழந்தைக்கும் எழுதிவைத்துவிட்டு வந்தார்.

அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. தன் பிள்ளை, ஒட்டும் இல்லாத உறவும் இல்லாத ஒரு மூன்றாம் மனிதனின் பெயரோடு வளர்வதா? வழக்குப் போட்டார். கீழ் நீதிமன்றம் பெயரை மாற்றச் சொன்னது. மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அந்நாட்டின் அன்றைய உச்ச நீதிபீடமான பிரபுக்கள் சபைவரை போய் 1999-ல் வழக்கு முடிந்தது. பெயர் மாறவில்லை. மாற்றினால் குழந்தைக்கு ஏதாவது நன்மை உண்டு என்று காட்டினால்தான் மாற்றலாம், அப்பாவின் மனக்குறை மட்டும் போதாது என்பது தீர்ப்பின் சாரம். யாரிடமிருந்து வந்திருந்தாலும் இன்றைக்கு அது அம்மாவின் பெயர், கூடப்பிறந்தவர்களின் பெயர் என்றும் சொன்னார்கள். அதே அமர்வில் இருந்த நீதிபதி ஒருவருக்கோ குடும்பப் பெயர் என்பது இரத்த உறவை ஊருக்குச் சொல்லும் முத்திரையாகவும் தெரிந்தது.

சட்ட மாணவர்கள் இந்த வழக்கைக் ‘குழந்தையின் நலன்’ என்ற தலைப்பின் கீழ் படிக்கிறார்கள். தமிழில் வளர்ந்த ஒருவர் படித்தால் முதலில் கண்ணில் படுவது வேறு. கேட்பது யார், மறுப்பது யார் என்பது தலைகீழாக இருக்கிறது.

நம் ஊரில் இந்தக் கதைக்கு ஒரே வார்ப்புதான். அவன் கைவிட்டுப் போவான். அவள் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவன் வீட்டு வாசலில் நிற்பாள். சொத்து வேண்டாம், சோறு வேண்டாம், இந்தப் பிள்ளைக்கு ஓர் இனிஷியல் கொடு என்பாள். அவன் முகத்தைத் திருப்பிக்கொள்வான். தமிழ் சினிமா இந்த வாசலைப் பல பத்தாண்டுகள் விட்டு நகரவேயில்லை. சினிமாவுக்கு வெளியிலும் இதுதான் நடந்தது. உத்தரப் பிரதேசத்துக்கும் பின்னர் உத்தராகண்டுக்கும் முதலமைச்சராக இருந்த நாராயண் தத் திவாரி தன் தந்தை என்று அறிவிக்கச் சொல்லி ரோஹித் சேகர் 2008-ல் தில்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனார். ரத்தம் கொடுக்க மாட்டேன் என்று திவாரி உச்ச நீதிமன்றம்வரை போராடிப் பார்த்தார். 2012-ல் மரபணுச் சோதனை முடிவு வந்தது. 2014-ல் மகனென்று ஏற்றுக்கொண்டு, அவர் தாயைத் திருமணமும் செய்துகொண்டார். பிள்ளை துரத்தினான், அப்பா ஓடினார். இதுதான் நாமறிந்த திசை.

இங்கிலாந்திலோ அப்பா துரத்துகிறார். என் பெயரை எடுத்துக்கொள் என்று நீதிமன்றப் படியேறிக் கெஞ்சுகிறார். வேண்டாம் என்கிறாள் அம்மா. அந்தச் சமூகத்து ஆண்கள் பிறவியிலேயே பொறுப்பானவர்கள் என்று முடிவுகட்டிவிட வேண்டாம். அங்கேயும் முன்பு நம் கதைதான்.

பழைய ஆங்கிலப் பொதுச் சட்டத்தில் மண உறவுக்கு வெளியே பிறந்த பிள்ளை ‘யாருக்கும் பிள்ளை அல்ல’. யாருக்கும் வாரிசு ஆக முடியாது; ஆகவே பிறப்பால் அதற்குக் குடும்பப் பெயரும் இல்லை. ஊர் என்ன சொல்லி அழைக்கிறதோ அதுவே பெயர் என்று 18-ஆம் நூற்றாண்டில் பிளாக்ஸ்டோன் எழுதிவைத்தார். 1576-ல் வந்த சட்டம் அப்பனென்று சுட்டப்பட்டவனைப் பிடித்துப் பணம் கட்ட வைத்தது. அதற்குக் காரணம் கருணை அல்ல. பிள்ளையை வளர்க்கும் செலவு ஊர்ப் பணத்தில் விழக்கூடாது என்ற கணக்கு. 1834-இன் ஏழையர் சட்டம் அந்தச் சுமையையும் பெரும்பாலும் தாய் தலையிலேயே திருப்பிப் போட்டது. ஒழுக்கம் கெட்டவள் அனுபவிக்கட்டும் என்பதுதான் அதன் உள்ளர்த்தம்.

அந்தக் காலத்து ஞானஸ்நானப் பதிவேடுகளில் வம்சாவளி தேடுகிறவர்களுக்கு ஒரு விஷயம் பழக்கம். அப்பா பெயர் எழுதும் இடம் வெறுமையாக இருக்கும். குழந்தைக்கு அம்மாவின் குடும்பப் பெயர். ஆனால் நடுப்பெயர் என்று ஒன்று இருக்கும். அது ஆட்களுக்கு வைக்கிற பெயராகவே இருக்காது. அதே ஊரில், பக்கத்துப் பண்ணையில், ஆலைக்காரர் வீட்டில் வழங்கிவந்த குடும்பப் பெயராக இருக்கும். அவன் வரவில்லை, ஒப்புக்கொள்ளவில்லை. அவள் அவன் பெயரைப் பிள்ளையின் பெயருக்கு நடுவே செருகிவிட்டாள். பாதிரியார் முன்னால், ஊர் முன்னால், யாரும் தன்மேல் வழக்குப் போட முடியாதபடி உண்மையைச் சொல்ல அவளுக்குக் கிடைத்த ஒரே வழி. 1874-இன் பதிவுச் சட்டத்துக்குப் பிறகு அரசுப் பதிவேட்டிலும் மணமாகாத தாயின் பிள்ளைக்கு அப்பா பெயர் ஏற வேண்டுமானால், அவனே கூட வந்து கையெழுத்துப் போட வேண்டும். பெரும்பாலும் அந்தக் கட்டம் காலியாகவே கிடந்தது. காலிக் கட்டத்தைப் பள்ளியிலும் வேலைக்குச் சேருமிடத்திலும் காட்டிக் கூசுகிறார்கள் என்றுதான் 1947-ல் பெற்றோர் விவரமே இல்லாத குட்டைப் பிறப்புச் சான்றிதழைக் கொண்டுவந்தார்கள்.

அப்போது அப்பா பெயர் பிள்ளைக்குத் தேவைப்பட்டது. சோற்றுக்கு, சொத்துக்கு, மானத்துக்கு. பெயர் ஒரு கேடயம். அதைக் கொடுக்காமல் இருப்பதில்தான் ஆணின் சௌகரியம் இருந்தது.

இரண்டு தலைமுறைக்குள் இது கழன்றுவிட்டது. 1987-இன் சட்டத் திருத்தம் மணத்துக்குள் பிறந்த பிள்ளை, வெளியே பிறந்த பிள்ளை என்ற பேதத்தைப் பெரும்பாலும் துடைத்தது. மரபணுச் சோதனை வந்தபின் அப்பன் யாரென்று நிரூபிக்கப் பெயரின் சாட்சியம் வேண்டியதில்லை. பராமரிப்புத் தொகை வாங்கவும் வேண்டியதில்லை. வாரிசுரிமைக்கும் வேண்டியதில்லை. மானமா? 2021-ல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பிறந்த குழந்தைகளில் 51.3 விழுக்காடு திருமணத்துக்கோ பதிவுசெய்த துணைவாழ்வுக்கோ வெளியே பிறந்தவை. 1845-ல் கணக்கெடுக்கத் தொடங்கியதிலிருந்து பாதியைத் தாண்டியது அதுவே முதல்முறை. வகுப்பில் பாதிப் பேர் அப்படி என்றால் யாரைப் பார்த்து யார் சிரிப்பது?

பெயர் பிள்ளைக்குத் தேவையில்லாமல் போன இடத்தில், அது அப்பாவுக்குத் தேவைப்படத் தொடங்கியது. நான் சொல்லவருவது இதைத்தான். சண்டையின் உருவம் பழையது; சண்டைக்காரர்களின் தேவை இடம் மாறிவிட்டது. நீதிமன்றங்கள் பிள்ளையின் நலன் என்ற சொல்லால் விசாரிக்கும் வழக்குகளில் பெரும்பாலும் பெரியவர் ஒருவரின் பயம்தான் விசாரிக்கப்படுகிறது.

அந்தப் பயத்தை இளப்பமாகப் பேசவும் கூடாது. மணமாகாத அப்பாவின் நிலை என்ன? இங்கிலாந்தில் பிறப்பைப் பதிய 42 நாள் அவகாசம். அம்மா தனியாகப் போய்ப் பதியலாம். அப்பா தனியாகப் போய்த் தன்னை அப்பா என்று எழுதிக்கொள்ள முடியாது. அவளும் சேர்ந்து வர வேண்டும், அல்லது அவளுடைய சத்திய வாக்குமூலம் வேண்டும், அல்லது நீதிமன்ற ஆணை வேண்டும். 2003 டிசம்பர் 1-க்கு முன்பு சேர்ந்து பதிந்தாலும்கூட, அதனால் மட்டும் அவனுக்குப் பெற்றோர் என்ற சட்ட அதிகாரம் வராது. சுமந்தது அவள், பாலூட்டியது அவள், பிரிந்தபின் குழந்தை இருப்பது அவள் வீட்டில். அவனுக்கு வாய்த்தது வார இறுதியில் சில மணி நேரம். பள்ளிக்குத் தொலைபேசி செய்தால், பெயர் பொருந்தாததால் “நீங்கள் யார்?” என்ற கேள்வி. கையில் வேறெதுவும் இல்லாதபோது பெயர் பெரிதாகித் தெரிவது இயல்பு.

அம்மாவின் பக்கமும் அப்படியே. அவளும் வீம்புக்குப் பிடித்துவைத்திருக்கவில்லை. தடுப்பூசி அட்டை, பள்ளிச் சேர்க்கை, பல் மருத்துவர், நூலக அட்டை என்று பிள்ளையின் பெயரை நாளுக்கு நாலு முறை எழுதுகிறவள் அவள்தான். தன் பெயர் ஒன்று, பிள்ளை பெயர் ஒன்று என்றால் விமான நிலையத்தில் பாஸ்போர்ட்டைப் புரட்டிப் பார்த்து இது உங்கள் குழந்தைதான் என்பதற்கு என்ன அத்தாட்சி என்று கேட்பார்கள். பெற்றவளை நோக்கிய கேள்வி. விட்டுப் போனவனின் பெயரைத் தினமும் தன் கையால் எழுதுவது, அவன் எப்படிப்பட்டவனாகப் பிரிந்தான் என்பதைப் பொறுத்து, கசப்பாகவும் இருக்கலாம், கொடுமையாகவும் இருக்கலாம்.

இருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கும்போது சட்டம் ஏதாவது ஓர் அளவுகோலைக் கையில் எடுத்தாக வேண்டும். அமெரிக்காவின் நியூஜெர்சி மாநில உச்ச நீதிமன்றம் 1995-ல் ஒன்றை எடுத்தது. அங்கும் மணமாகாத பெற்றோர். பிறந்தபோது வைத்தது அம்மாவின் பெயர். தன் பெயராக மாற்றக் கேட்டவர் அப்பா. அப்பா வழிப் பெயர்தான் இயல்பானது என்ற பழைய அனுமானத்தை நீதிமன்றம் தூக்கி எறிந்தது. பிள்ளையை அன்றாடம் வளர்ப்பவர் தேர்ந்த பெயரே பிள்ளைக்கு நல்லது என்று தொடங்குவோம். இல்லையென்று சொல்பவர் நிரூபிக்கட்டும் என்றது. அம்மா வென்றார். தீர்ப்பு வந்து அதிக நாள் ஆகவில்லை. அந்த அப்பா மூன்று வயது மகனைச் சுட்டுக் கொன்றுவிட்டுத் தன்னையும் சுட்டுக்கொண்டார்.

ஒரு மனிதனின் வெறியை வைத்து மற்ற அப்பாக்களை எடைபோடுவது அநியாயம். ஆனாலும் அந்தச் செய்தியை ஒதுக்கிவிட்டு மேலே போக முடியவில்லை. பிள்ளைமேல் உள்ள பாசத்தால் பெயர் கேட்கிறேன் என்று சொன்ன ஒருவனுக்கு, பெயர் கிடைக்காதபோது பிள்ளையே வேண்டாததாகிப் போனது. இப்படியொரு கோரிக்கையின் அடியில் பாசத்தோடு உடைமை உணர்வும் கலந்தே கிடக்கும். எது எவ்வளவு என்பது தோற்கும்போதுதான் தெரியவரும்.

எதிர்ப்பக்கத்து அநியாயத்துக்கு ஒரு கனடா வழக்கு இருக்கிறது. பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் 1996-ல் ஒரே பிரசவத்தில் மூன்று குழந்தைகள் பிறந்தன. பெற்றோர் மணமாகாதவர்கள், பிரிந்தவர்கள். பதிவுப் படிவத்தில் அப்பா என்ற இடத்தில் ‘தாயால் ஏற்கப்படாதவர்’ என்று குறித்துவிட்டார் அம்மா. குடும்பப் பெயரையும் தானே முடிவுசெய்தார். அன்றைய மாகாணச் சட்டப்படி, பிறகு தந்தைமை நிரூபணமானாலும் அப்பாவால் குடும்பப் பெயரை மாற்றக் கேட்க முடியாது. பலாத்காரத்தாலும் முறைகேடான உறவாலும் கர்ப்பமான பெண்களைக் காப்பதற்கு அந்தச் சட்டத்தில் காரணம் இருந்தது. ஆனால் அது எல்லா அப்பாக்களையும் ஒரே கோட்டால் அடித்துவிட்டது. 2003-ல் கனடா உச்ச நீதிமன்றம், இது ஆண் என்பதால் காட்டப்படும் பாகுபாடு என்று ஒருமனதாகச் சொல்லிச் சட்டத்தைத் திருத்த ஓராண்டு அவகாசம் கொடுத்தது.

இந்த அப்பாவின் வழக்கைப் படிக்கும்போது என் மனம் அவர் பக்கமே சாய்கிறது. ஏன் என்று யோசித்தால், அங்கே இரண்டு கோரிக்கைகள் ஒன்றாகக் கட்டப்பட்டிருப்பது தெரிகிறது. என்னை ஆவணத்திலிருந்து அழிக்காதே என்பது ஒன்று. என் பெயரைப் பிள்ளைக்குச் சூட்டு என்பது இன்னொன்று. முதலாவது உண்மையைப் பற்றியது. பிள்ளைக்கும் அதில் நேரடிப் பங்கு உண்டு: தான் யாருக்குப் பிறந்தோம் என்று தெரிந்துகொள்ளும் உரிமை, நாளைக்குப் பரம்பரை நோய் பற்றி மருத்துவர் கேட்டால் சொல்லப் பதில். அதை ஒருவர் கோபத்தில் அடித்துவிட அனுமதிக்கக் கூடாது. இரண்டாவது, பிள்ளையை ஊர் எப்படிக் கூப்பிட வேண்டும் என்பது. அதில் உண்மை, பொய் என்று எதுவும் இல்லை. அப்பா என்ற கட்டத்தில் அப்பாவின் பெயர் இருக்கட்டும். பிள்ளையின் பெயருக்குள்ளும் இருந்தே தீரவேண்டும் என்று அதிலிருந்து பிறக்காது. பழைய பதிவேட்டில் நடுப்பெயராகச் செருகினாளே ஒருத்தி, அவளுக்கு இரண்டும் ஒன்றாக இருந்தன. கட்டத்தை அவன் காலியாக விட்டதால்தான் பெயருக்குள் எழுதவேண்டி வந்தது. கட்டம் நிரம்பிய பிறகு அந்த அவசியம் இல்லை.

இதை இன்னும் கூர்மையாகச் சொன்னவர் பின்னாளில் பிரித்தானிய உச்ச நீதிமன்றத்தின் தலைவரான பிரெண்டா ஹேல். 2001-ல் மேல்முறையீட்டு நீதிபதியாக இருந்தபோது இதே போன்ற வழக்கு அவர்முன் வந்தது. அம்மா குழந்தையோடு ஸ்பெயினுக்குக் குடிபோகவிருந்தார். பெயர் என்ற வெளி அடையாளம் இருந்தால்தான் பிள்ளைமேல் ஈடுபாடு நிற்கும் என்று அப்பாக்களைப் பற்றி நினைப்பது வருத்தத்துக்குரியது என்று எழுதினார் ஹேல். தன் பெயரைச் சுமந்தால்தான் அக்கறை என்றால் அது என்ன அக்கறை? உலகத்துத் தாய்மார்களில் எத்தனையோ பேர் தங்கள் பெயரில்லாத பிள்ளைகளைத்தானே தலைமுறை தலைமுறையாக வளர்த்தார்கள். அவர்களுக்குப் பிடிமானமாக இருந்தது பெயரைவிடக் கனமான வேறு சங்கதிகள். கருத்து அவருடையது, சொற்கள் என்னுடையவை. அந்த வழக்கில் ஸ்பானிய வழக்கப்படி இரண்டு பெயரையும் வைத்துக்கொள்ளச் சொல்லி ஊக்குவித்தது நீதிமன்றம்.

இரண்டும் வைத்தால் தீர்ந்ததா? ஸ்பெயினில் எல்லோருக்கும் இரண்டு குடும்பப் பெயர், அப்பா வழி ஒன்று, அம்மா வழி ஒன்று. அங்கே சண்டை எது முதலில் என்பதில் வந்தது. 2005-ல் பிறந்த ஒரு பெண் குழந்தைக்கு, உறவு ஏற்கெனவே முறிந்திருந்ததால், அம்மா தன்னுடைய பெயர்களையே பதிந்தார். அப்பா தந்தைமை வழக்குப் போட்டு வென்றார். பெற்றோர் உடன்படாவிட்டால் அப்பா பெயர்தான் முதலில் என்பது அன்றைய விதி. அது யோசனையில்லாமல் தானாக ஓடியது. ஸ்ட்ராஸ்பூர்க்கிலுள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2021-ல் இதைப் பாகுபாடு என்றது. அதற்குள் ஸ்பெயினே விதியை மாற்றியிருந்தது. பிரான்சில் 2013 முதல், பெற்றோர் ஒத்துவராவிட்டால் இரண்டு பெயரும் அகரவரிசைப்படி. எது நியாயம் என்ற கேள்வியை நெடுங்கணக்கிடம் விட்டுவிட்டார்கள்! சிரிப்பாக இருந்தாலும் அதில் ஒரு ஞானம் உண்டு: இந்தத் தகராறில் யாரும் ஜெயிக்கக் கூடாது என்பது. ஆனால் இரட்டைப் பெயர்க்காரர் இருவர் சேர்ந்து பிள்ளை பெற்றால் நான்கு பெயராகும், இரண்டைக் கழிக்க வேண்டும், எந்த இரண்டை? தகராறு அடுத்த தலைமுறைக்குத் தள்ளிப்போகிறது, அவ்வளவுதான்.

இனி நம்மிடம் வருவோம். அப்பாக்கள் இப்படிப் பெயருக்காக உயிரை விடுவது வம்சத்துக்காக என்பார்கள். பாட்டன் பூட்டன் பெயர் அறுந்துபோகக் கூடாதே என்று. தமிழ் இனிஷியலை வைத்து இதைச் சோதித்துப் பார்க்கலாம். ஆறுமுகத்தின் மகன் ஆ. செல்வம். செல்வத்தின் மகள் செ. கயல்விழி. ஆறுமுகம் எங்கே? பேத்தியின் பெயரில் அவருக்கு ஓர் எழுத்துக்கூட இல்லை. அப்பாவின் பெயர் ஒரே தலைமுறையில் காலாவதியாகிவிடும் ஏற்பாடு இது. லண்டனுக்கும் டொராண்டோவுக்கும் போன நம்மவர்கள் படிவத்தின் கடைசிக் கட்டத்தில் அப்பாவின் சொந்தப் பெயரைக் கொண்டுபோய் நிரப்பி, அண்ணன் தம்பியின் பிள்ளைகளே வேறு வேறு குடும்பப் பெயரோடு திரிவதும் இதனால்தான். ஆக, நம் இனிஷியலில் வம்சம் கிடையாது. இருந்தும் நமக்கு அது உயிர்ப் பிரச்சினை. அப்படியானால் அந்த எழுத்தில் காக்கப்படுவது வம்சம் அல்ல. ஒரே ஓர் ஆண், இன்னாருடையது இந்தப் பிள்ளை என்ற சொந்தம், அந்தப் பெண் அவனுக்கு உட்பட்டவள் என்ற சாட்சியம். மேற்கத்திய அப்பா வம்சப் பெயர் என்று சொல்லி மறைத்துக்கொள்ள முடிவது, நம் ஓரெழுத்தில் வெட்டவெளியாகத் தெரிகிறது.

அந்த எழுத்தைத் தாயிடமிருந்து எடுத்துக்கொண்ட மரபும் நம்மிடம் இருந்திருக்கிறது. எம்.எஸ். சுப்புலட்சுமியின் ‘எம்’ மதுரை. ‘எஸ்’ சண்முகவடிவு, அவருடைய தாயார், வீணைக் கலைஞர். தேவதாசி மரபுக் குடும்பங்களில் வீடும் வித்தையும் தாய் வழியே இறங்கின; எழுத்தும் அப்படியே இறங்கியது. உலகம் அந்த இரண்டெழுத்தைக் கைகூப்பிச் சொன்னது. அதே எழுத்துமுறையோடு பெயர் தெரியாத ஒரு பெண்பிள்ளை பள்ளியில் சேர வந்தால் என்ன கேட்டிருப்பார்கள் என்பதும் நமக்குத் தெரியும்.

தெரியும் என்று பொதுவாகச் சொல்ல வேண்டாம். ஒரு பள்ளி அலுவலகத்தில் மாற்றுச் சான்றிதழுக்காகக் காத்திருந்தபோது பக்கத்து மேசையில் நடந்தது இது. எழுத்தர் படிவத்தைத் திருப்பிப் பார்த்தார்.

“அப்பா பேரு எழுதலையேம்மா?”

“எழுதல சார்.”

“இறந்துட்டாரா?”

“இல்ல சார். இருக்காரு.”

“அப்புறம் என்ன? எழுதிடுங்க. கம்ப்யூட்டர்ல அந்தக் கட்டத்தை விட்டா அடுத்ததுக்குப் போகாது.”

அந்தப் பெண் பேனாவை வாங்கினார். கொஞ்ச நேரம் படிவத்தையே பார்த்திருந்துவிட்டு ஏதோ எழுதிக் கொடுத்தார். சேர்க்கை முடிந்தது. எழுத்தரிடம் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. கணினி சொன்னதை அவர் சொன்னார்.

கட்டம் காலியாக இருக்கக் கூடாது என்று வற்புறுத்தினால் அதில் பொய் வந்து உட்காரும். கேரள உயர் நீதிமன்றத்துக்கு 2022-ல் வந்த வழக்கு இதை அப்பட்டமாகக் காட்டியது. மணமாகாத தாய்க்குப் பிறந்த இளைஞர் ஒருவர்; அவருடைய மூன்று ஆவணங்களில் அப்பா பெயர் மூன்று விதமாக இருந்தது. இந்தப் பெயர்களை எடுத்துவிட்டு அம்மா பெயரை மட்டும் போடுங்கள் என்று கேட்டார். நீதிபதி மகாபாரதத்துக் கர்ணனை நினைவுகூர்ந்தார். பிறப்பைச் சொல்ல முடியாததால் ஒருவன் இழிவுபடுவது இனி வேண்டாம் என்று, தாய் பெயர் மட்டும் போட அனுமதித்தார்.

சட்டம் இதற்கு முன்பே அம்மாவின் பக்கம் நகரத் தொடங்கியிருந்தது. 1956-இன் இந்துச் சிறார் சட்டமே, மணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளைக்கு இயற்கைக் காப்பாளர் முதலில் தாய், அவருக்குப் பிறகே தந்தை என்கிறது. மணத்துக்குள் பிறந்தால்தான் வரிசை தலைகீழ்! அதையும் எழுத்தாளர் கீதா ஹரிஹரன் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1999-ல் தளர்த்தியது. 2015-ல் இன்னும் ஒரு படி. மணமாகாத கிறிஸ்தவப் பெண் ஒருவர், அரசு அதிகாரி. தன் சேமிப்புக்கு மகனை நியமனதாரராகப் போடப் போனபோது, அப்பா பெயரைச் சொல் அல்லது காப்பாளர் சான்றிதழ் வாங்கி வா என்றார்கள். அப்பாவுக்கு வேறு குடும்பம் இருந்தது. அவர் பெயரை வெளியே சொல்ல மறுத்தார் இவர். கீழ் நீதிமன்றமும் தில்லி உயர் நீதிமன்றமும் கைவிரித்தன; உச்ச நீதிமன்றம் ஏற்றது. அப்பாவுக்கு அறிவிப்பு அனுப்ப வேண்டியதில்லை, பிறப்புச் சான்றிதழுக்குத் தாயின் பிரமாண வாக்குமூலம் போதும் என்றது. 2016 டிசம்பரில் பாஸ்போர்ட் விதியும் தளர்ந்து, பெற்றோரில் ஒருவர் பெயர் மட்டும் இருந்தாலே போதும் என்றானது.

அப்பா துரத்தும் வழக்குகளும் இங்கே வரத் தொடங்கிவிட்டன. 2021-ல் தில்லி உயர் நீதிமன்றத்துக்குத் தந்தை ஒருவர் வந்தார். பிரிந்திருக்கும் மனைவி மகளின் குடும்பப் பெயரை மாற்றிவிட்டார், தன் பெயரையே போடச் சொல்லுங்கள் என்றார். மகள் உங்கள் சொத்தல்ல, இந்தப் பெயரில் அவள் சந்தோஷமாக இருந்தால் உங்களுக்கு என்ன என்று நீதிபதி கேட்டு அனுப்பினார். அவர்கள் மணமானவர்கள்தான். ஆனால் மணம் ஆகாமல் சேர்ந்து வாழ்கிறவர்கள் சென்னையிலும் பெங்களூரிலும் இருக்கிறார்கள்; அவர்களுக்கும் பிள்ளைகள் பிறக்கின்றன. வாசலில் நின்று இனிஷியல் கேட்கும் பெண் மெல்லக் கதையிலிருந்து போய்க்கொண்டிருக்கிறாள். அவள் இடத்துக்கு, பதிவு அலுவலக வாசலில் நிற்கும் ஆண் வருவார். அவருக்கு என்ன சொல்லப் போகிறோம் என்பதை இப்போதே யோசித்துவைப்பது நல்லது.

என்னிடம் கேட்டால் மூன்று சொல்வேன். ஆவணத்தில் உங்கள் இடத்தை விடாதீர்கள். தாயோ குழந்தையோ உங்களால் ஆபத்தில் இல்லாதவரை, அங்கிருந்து உங்களை அழிக்க யாருக்கும் உரிமை இல்லை. பிள்ளையைக் கூப்பிடும் பெயரில், அதை அன்றாடம் சுமந்து அலைபவர் சொல் முந்தட்டும். நாளைக்கு அந்த அன்றாடம் உங்களுடையதானால் முதல் சொல்லும் உங்களுடையது, அப்போது அம்மாவுக்கும் இதே பதில்தான். மூன்றாவது, பேசத் தெரிந்த பிள்ளையிடம் பேசிப்பாருங்கள். ஏழெட்டு வயதுப் பிள்ளை தன் பெயரை நோட்டு அட்டையில் எழுதி, நண்பர்கள் வாயில் கேட்டு, அதைத் தன்னுடையதாக்கிக் கொண்டிருக்கும். அந்த நேரத்தில் போய் இது தப்பான பெயர் என்று சொன்னால், நீ தப்பான பிள்ளை என்றுதான் அதன் காதில் விழும்.

இங்கிலாந்தில் பதினாறு வயதில் ஒருவர் தன் பெயரைத் தானே மாற்றிக்கொள்ளலாம். இந்தியாவில் பதினெட்டுக்குப் பிறகு அரசிதழில் விளம்பரம் கொடுத்து மாற்றலாம். 1996-ல் பிறந்த அந்தக் குழந்தைகளுக்கெல்லாம் முப்பது வயது நெருங்கிவிட்டது. மூன்று நீதிமன்றம் ஏறி இறங்கி, வாதாடி, செலவழித்துப் பெற்றோர் வாங்க முடிந்தது அதிகம்போனால் பதினாறு வருட ஏற்பாடு. பேர் சொல்ல ஒரு பிள்ளை வேண்டும் என்பார்கள். அது பிறகு யார் பேரைச் சொல்லும் என்பது, அந்தப் பதினாறு வருடத்தில் யார் அதனோடு இருந்தார்கள் என்பதைப் பொறுத்தது. அதை எந்தப் பதிவாளரும் எழுதித்தர முடியாது.